தாத்தாவின் பேனாக்கத்தி: தேய்த்துப் புதுசாக்குவதா, அப்படியே பேணுவதா?

பழைய பேனாக்கத்தி ஒன்று வீட்டில் அகப்பட்டால் நம் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டுதான். புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் நீட்டிவிடுவார்கள். ரெண்டுமே பிரியத்தில் செய்வதுதான். ஆனால் எண்பது, நூறு வருஷமாகச் சேர்ந்த தடயம் அரைமணி நேரத்தில் போய்விடும். போனதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. அதனால் கத்தியில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: இதைப் புதுப்பிக்கப் போகிறோமா, பேணப் போகிறோமா?

புதுப்பிப்பது என்றால், கத்தி கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அந்த நிலைக்குக் கொண்டுபோவது. துருவை எடுத்து, அலகைத் தீட்டி, ஆடுகிற ரிவெட்டை (பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியை) மாற்றி, பிடி உடைந்திருந்தால் புதுப் பிடி போட்டு மறுபடி வேலைக்கு அனுப்புவது. பேணுவது என்றால், இன்றைக்கு இருக்கிற நிலையிலேயே நிறுத்தி, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்வது. தேய்மானம், கறை, கீறல் எல்லாம் அப்படியே இருக்கும். அரிப்பு மட்டும் நிற்கும்.

மதுரைக்காரர்களுக்கு இந்த இரண்டு வழியும் பழக்கமானதுதான். மீனாட்சி அம்மன் கோயில் கோபுரச் சுதைகளுக்குக் குடமுழுக்குதோறும் புது வண்ணம் தீட்டுகிறோம். 2018 பிப்ரவரியில் தீப்பிடித்துச் சிதைந்த வீரவசந்தராயர் மண்டபத்துக்காகப் புதுக்கல் கொண்டுவந்து தூண் செதுக்கும் வேலை நடந்தது. அதில் தப்பு காண யாரும் இல்லை. ஆள் நடமாடுகிற, பூஜை நடக்கிற இடம் அது. அதே ஊரில், தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி அருங்காட்சியகத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. அதைத் துவைத்து இஸ்திரி போட வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? அந்தக் கறைக்காகத்தான் துணியையே வைத்திருக்கிறார்கள்.

கோபுரம் இன்னும் வேலையில் இருக்கிறது. துணி சாட்சியாக இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் கத்தி இதில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் பின்னாலேயே வந்துவிடும்.

முதலில் கத்தியைப் படியுங்கள்

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பார்த்த கத்தியை உதாரணமாகச் சொல்கிறேன். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு அலகு. பெரிய அலகு தீட்டித் தீட்டி வயிறு உள்வாங்கி, நுனி மெலிந்து போயிருந்தது. சின்ன அலகு கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. பிடி கருப்பு எருமைக்கொம்பு. அதில் வலதுகைக் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் வழவழவென்று லேசாகக் குழிந்திருந்தது. மறுபக்கம் ஊசி முனையால் கீறிய இரண்டு தமிழ் எழுத்துகள். சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அது கொள்ளுத்தாத்தாவின் தலைப்பெழுத்து என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய அலகின் அடிப்பாதி மட்டும் மை ஊற்றியது மாதிரிக் கருத்திருந்தது. அழுக்கு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். அது பாக்குக் கறை. கொட்டைப்பாக்கில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் கருப்பாகிவிடும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுத்துமை காய்ச்சியதும் இதே ரசாயனத்தால்தான். கொள்ளுத்தாத்தா நாள் தவறாமல் பாக்குச் சீவியது அந்த அலகில் அப்படியே பதிவாகியிருக்கிறது. சீவும்போது பலம் கொடுக்க வேண்டும் என்பதால் நுனியை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். கறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாலே அது புரிந்துவிடும். உப்புத்தாளால் நாலு இழு இழுத்திருந்தால் இதில் எதுவும் மிஞ்சியிருக்காது.

படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு லென்ஸ் வைத்துக்கொண்டு, எதையும் துடைக்காமல் பாருங்கள். செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். படம் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

அடுத்து பார்க்க வேண்டியது அலகின் அடிப்பகுதி, அதாவது பிடிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் இருக்கும் தட்டையான சதுரம். தயாரித்தவர் முத்திரை அங்கேதான் இருக்கும். நம் பக்கம் கிடைக்கும் பழைய பேனாக்கத்திகளில் பல, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்தவை. கொஞ்சம் ஜெர்மனியின் ஜோலிங்கனிலிருந்து வந்தவை. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று போய்வந்தவர்கள் வாங்கி வந்தது நிறைய. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினால் இன்னும் கண்ணில் படும். ஜோசஃப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் கத்தி என்றால் ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் கம்பெனி ‘ஐ எக்ஸ் எல்’ என்ற மூன்று எழுத்தைப் போட்டது. ஹென்கெல்ஸ் கம்பெனிக்குக் கைகோத்த இரட்டையர் சின்னம். அதை 1731-லேயே ஜோலிங்கனில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ராட்ஜர்ஸ் கத்தியில் கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் காலத்தையும் ஓரளவு பிடித்துவிடலாம். ‘வி–ஆர்’ என்றால் விக்டோரியா காலம், 1901-க்கு முன்னால். ‘ஜி–ஆர்’ என்றால் பெரும்பாலும் 1910-க்குப் பிறகு வந்த ஜார்ஜ் மன்னர்கள் காலம். ‘இங்கிலாந்து’ என்ற சொல் ஊர்ப்பெயரோடு சேர்ந்து இருந்தால் அநேகமாக 1890-க்குப் பிந்தியது. இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா அந்த ஆண்டு சட்டம் கொண்டுவந்ததும், ஏற்றுமதி செய்தவர்கள் அதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். ‘துருப்பிடிக்காதது’ என்று பொறித்திருந்தால் அது 1913-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த வகை எஃகை உருக்கியதே அந்த ஆண்டில்தான்.

முத்திரை தேய்ந்து மங்கியிருந்தால் அதைத் தெளிவாக்க வேண்டும் என்று தேய்க்காதீர்கள். அந்த எழுத்துகளின் ஆழம் ஒரு முடியளவுதான். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினாலே போதும், நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

பிடி எதனால் ஆனது என்பது முடிவையே மாற்றும்

பிடியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். லென்ஸில் பார்ப்பது நல்லது. எலும்பு என்றால் மிளகுப்பொடி தூவியது போல நுண்ணிய கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். எருமைக்கொம்பு அடுக்கு அடுக்காக, ஓரங்களில் லேசாக உரிந்திருக்கும். மான் கொம்பு வெளியே கரடுமுரடாக, பள்ளத்தில் பழுப்பும் மேட்டில் வெளுப்புமாக இருக்கும். நம் காட்டுக் கடமான் கொம்புதான் அந்தக் காலத்தில் கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போய், கத்திப் பிடியாக நம்மிடமே திரும்பி வந்தது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை தருவது: செல்லுலாய்டு. 1870-களிலிருந்து பரவிய முதல் பிளாஸ்டிக். ஆமையோடு மாதிரி, முத்துச்சிப்பி மாதிரி, வானவில் வண்ணத்தில் என்று எப்படி வேண்டுமானாலும் வேஷம் போடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டைவிரலால் சூடேறுகிற வரை பிடியைத் தேய்த்து, உடனே மோந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்யக் கற்பூரம் கலப்பார்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள் சிலர். அது மட்டும் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும் பொருள்.

செல்லுலாய்டு வயதானால் தானாகச் சிதையும். அப்போது அமில ஆவி கிளம்பி, பக்கத்தில் இருக்கும் எஃகை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். பிடியில் நுண் வெடிப்புகள் பரவி, ஓரம் பொடிந்து, பிடிக்குள் மறைந்திருக்கும் அலகுப் பகுதி மட்டும் கண்டபடி துருப்பிடித்திருந்தால் இதுதான் காரணம். அப்படிப்பட்ட கத்தியை ‘அப்படியே பேணுவது’ நடக்காத காரியம். பிடியே அலகைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை மற்றக் கத்திகளிலிருந்து உடனே தனியாக, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தூரமாக வையுங்கள். பொடியத் தொடங்கிய பிடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு அலகைக் காப்பாற்றுவதுதான் முறை. பேண வேண்டும் என்று நினைக்கிறவர்களும் கைவைத்தே ஆக வேண்டிய இடம் இது.

துரு எல்லாம் ஒன்றில்லை

அலகின் மேல் சாம்பல் நிறமோ, நீலம் கலந்த கருப்போ, பழுப்போ சீராகப் படிந்து, விரலால் தடவினால் வழுவழுப்பாக இருந்தால் அது கேடு செய்யாத படிவு. கார்பன் எஃகு பழமும் காயும் நறுக்கி நறுக்கி ஏற்றிக்கொள்ளும் நிறம் அது. சேகரிப்பவர்கள் ‘பட்டினா’ என்பார்கள். அடியில் இருக்கும் எஃகை அது கொஞ்சம் காக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் பளபளப்பு வரும். அடுத்த ஐப்பசி மழைக்குள் புதுத் துருவும் வரும்.

செம்மண் நிறத்தில், பொடியாக, தடிப்பாக இருப்பதுதான் உயிருள்ள துரு. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு மூலையில் ஒற்றி எடுங்கள். துணியில் ஆரஞ்சு நிறம் ஒட்டினால் அரிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை நிறுத்தியாக வேண்டும். சாட்சியாக வைக்க நினைக்கும் கத்தியானாலும் உயிருள்ள துருவை விட்டுவைக்கக் கூடாது. நாளாக ஆக அது சாட்சியத்தையே தின்றுவிடும்.

ஆனால் துருவை எடுப்பதற்கு முன்னால் அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். கீழடியை அடுத்த கொந்தகையில் 2021-ல் முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் இரும்புக் குறுவாள் கிடைத்தது. முழுக்கத் துரு. ஆனால் கைப்பிடியாக இருந்த மரத்தின் மிச்சம் அதில் ஒட்டியிருந்தது. இரும்பு துருப்பிடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் மரத்தையும் துணியையும் தோலையும் தனக்குள் இழுத்துக்கொண்டு காப்பாற்றிவிடும். பேனாக்கத்தியிலும் இது சின்ன அளவில் நடக்கிறது. உறையின் நூல், மடிப்புக்குள் இறுகிப்போன புகையிலைத் துணுக்கு, வாழைநார் எல்லாம் கிடைக்கும். எடுத்தால் ஒரு காகிதத்தில் மடித்துக் கத்தியோடு வையுங்கள்.

சரி, எப்படி முடிவு செய்வது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நாள் முழுக்க நாரும் கயிறும் அறுக்கிற மடக்குக் கத்திக்குப் பேணல் பேச்சே தேவையில்லை. அது வேலையில் இருக்கிறது. மழுங்கினால் தீட்ட வேண்டும், ஆடினால் ரிவெட்டை இறுக்க வேண்டும், ஸ்பிரிங் போனால் மாற்ற வேண்டும். அறுக்கும்போது மடங்கி விரலில் விழுகிற கத்தியைப் ‘பழசு’ என்று சொல்லி அப்படியே வைத்திருப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

அதேபோல, முத்திரையும் இல்லை, யாருடையது என்ற கதையும் இல்லை, சந்தையில் குவியலோடு வந்தது, ஒரு அலகு உடைந்தே போய்விட்டது என்றால் தாராளமாகப் புதுப்பியுங்கள். கை பழகுவதற்கு இதைவிட நல்ல கத்தி கிடைக்காது. தீட்டிப் பழக, பிடி செதுக்கிப் பழக இப்படிப்பட்டதையே தேடி வாங்குங்கள்.

எதிர்ப்பக்கம் உள்ளவை: முத்திரை தெளிவாக இருப்பது, அலகு முழுசாக இருப்பது, யார் வைத்திருந்தார் என்று சொல்ல ஆள் இருப்பது, பேர் கீறியது, தந்தமோ கொம்போ போட்ட பிடி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் பேணும் பக்கம்தான் நிற்பேன். மடக்கெழுத்தாணி கிடைத்தால் கேள்வியே இல்லை. ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் ஓலை வாரும் கத்தியுமாக இருக்கும் அந்தப் பொருளில், ஓலைச்சுவடி எழுதியவர் கையின் தேய்மானம் இருக்கிறது. அதைத் தீட்டுவதால் இன்றைக்கு எந்த வேலையும் ஆகப்போவதில்லை.

சந்தேகமாக இருந்தால் பேணுங்கள். இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைக்குப் பேணிய கத்தியைப் பத்து வருஷம் கழித்துக்கூடப் புதுப்பிக்கலாம். புதுப்பித்ததைப் பேணுவதற்குத் திரும்ப முடியாது. அருங்காட்சியகங்களில் பழம்பொருளைக் கையாளுகிறவர்கள் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்: திரும்ப எடுத்துவிடக்கூடியதை மட்டும் செய், அதையும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு செய், செய்ததை எழுதி வை. எண்ணெயும் மெழுகும் துடைத்தால் போய்விடும். சாணையில் போன இரும்பு போனதுதான்.

விலையைப் பொறுத்தவரையும் இதே கதைதான். பளபளப்பாக்கினால் நல்ல விலை போகும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய கத்தி வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது முத்திரையின் ஓரங்கள் கூர்மையாக இருக்கிறதா, பிடியும் பித்தளையும் சேரும் இடத்தில் கோடு நேராக இருக்கிறதா என்று. பஃபிங் சக்கரத்தில் கொடுத்த கத்தியில் இந்த ஓரங்கள் எல்லாம் உருகின மாதிரி மழுங்கியிருக்கும். பார்த்தவுடன் கீழே வைத்துவிடுவார்கள்.

பேரன் தாத்தா கத்தியைத் தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான், என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. இது நல்ல ஆசை, இதை மறுக்க எனக்கு மனம் வராது. சோழவந்தான் கத்திக்கு நான் சொன்ன வழி இதற்கும் பொருந்தும். பாக்குக் கறை இருக்கும் பெரிய அலகைத் தொட வேண்டாம். முழுசாக இருக்கும் சின்ன அலகின் விளிம்பை மட்டும், தட்டையான சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தீட்டிக்கொள்ளட்டும். பக்கங்களை உரசக் கூடாது. கத்தி வேலையும் செய்யும், சாட்சியும் சொல்லும்.

பேணுவதாக முடிவெடுத்தால்

வேலை அதிகமில்லை, பொறுமைதான் அதிகம் வேண்டும். மூங்கில் பல்குத்தியை மெலிதாகச் சீவி, அலகு போய் உட்காரும் பள்ளத்தில் அடைந்திருக்கும் அழுக்கைக் கிண்டி எடுங்கள். இரும்பு ஊசி வேண்டாம், கீறும். அப்புறம் அலகு திரும்பும் கீல் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. மெதுவாகத் திறந்து மூடுங்கள். கருப்புக் குழம்பாக ஏதோ வடியும். துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. துடைக்கும் துணி சுத்தமாக வரும்வரை இதைச் செய்தால், பல வருஷமாக இறுகிக் கிடந்த கத்திகூட ‘டக்’ என்று உட்காரத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அலகு அசையவே இல்லையென்றால் நகம் வைத்துத் திறக்க அலகில் இருக்கும் குழியில் பிளேயரைப் போட்டு இழுக்காதீர்கள். பழைய எஃகு வளையாது, ஒடியும். கீலில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் மறுபடி முயன்று பாருங்கள். சில நாள் ஆனாலும் ஆகட்டும். கத்தியை எண்ணெயிலோ தண்ணீரிலோ மூழ்கவைப்பது வேண்டாம். எலும்பும் கொம்பும் உறிஞ்சி ஊதி, வெடித்துவிடும்.

உயிருள்ள துரு இருக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மூங்கில் முனையாலோ செம்புக் கம்பியாலோ உரசி எடுங்கள். செம்பு எஃகைவிட மென்மை என்பதால் அலகில் கீறல் விழாது. எமரித் தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், பவுடர் எதுவும் வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் இவையும் வேண்டாம். அமிலம் துருவோடு நிற்காது, நல்ல எஃகையும் கறுப்புப் படிவையும் சேர்த்துக் கரைக்கும். பித்தளைச் செம்பைத் துலக்குகிற கைவைத்தியம் கார்பன் எஃகுக்குச் சரிப்படாது.

சமையல் எண்ணெய் பூசுவதும் பல வீடுகளில் உண்டு. நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகக் காய்ந்து கீலை ஒட்டவைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். பழம் நறுக்கப் பயன்படுத்துகிற கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் பூசுங்கள். கொஞ்சம் செலவு செய்யலாம் என்பவர்களுக்கு ரினைசான்ஸ் வாக்ஸ் என்று ஒரு மெழுகு ஆன்லைனில் கிடைக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவாக்கியது. அலகு, பித்தளை, கொம்பு எல்லாவற்றிலும் விரல் நுனியளவு எடுத்து மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடலாம்.

புதுப்பிப்பதாக முடிவெடுத்தால்

இங்கே நான் சொல்ல வேண்டிய முக்கியமான ஒரு விஷயம் சூடு. பேனாக்கத்தி அலகு மெல்லியது. மின்சாரச் சாணையில் நாலு விநாடி அழுத்திப் பிடித்தாலே விளிம்பு சூடாகி, முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம் என்று நிறம் ஓடும். நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பதம், அதாவது எஃகின் கடினம், இறங்கிப்போச்சு. பார்க்கக் கூராக இருக்கும், ஆனால் இரண்டு நாளில் மழுங்கும். நீலத்தைத் தேய்த்து எடுத்தாலும் பதம் திரும்பாது. ஆகவே சாணைக்காரரிடம் கொடுப்பதானால் பக்கத்திலேயே நின்று, அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். விளிம்பை மட்டும் தொடச் சொல்லுங்கள். திருப்பாச்சேத்தி அரிவாள் பட்டறைக்காரர்களின் கைத்திறன் பெரியது. ஆனாலும் பேனாக்கத்தியை உலையில் வைத்தால் பிடியும் பதமும் சேர்ந்து போய்விடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

ஆடுகிற அலகை இறுக்க ரிவெட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். பித்தளை முனை வெளியே தெரிகிற கத்தியில் இது சரி. ரிவெட் எலும்புப் பிடி வழியாகப் போகிறதென்றால் ஒரு தட்டு கூடினாலும் எலும்பு பிளந்துவிடும். மடக்கும்போது அலகின் கூர் ஸ்பிரிங்கில் இடிக்கிறது என்றால் அலகு அளவுக்கு மேல் தேய்ந்து தாழ உட்காருகிறது. அதற்கு மேல் தீட்டிப் பிரயோஜனமில்லை.

மாற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் பழைய பிடியையும் உடைந்த ஸ்பிரிங்கையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எதை எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டும் அதிலேயே இருக்கட்டும்.

சட்டம் ஒன்று, பூஜை ஒன்று

விற்கும் எண்ணம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. தந்தப் பிடியும் மான் கொம்புப் பிடியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. விற்பதற்கோ வாங்குவதற்கோ முன்னால் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். வரலாற்று மதிப்புள்ள, நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப, அதே 1972-ல் வந்த தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. ‘வி–ஆர்’ முத்திரைக் கத்தியை இணையத்தில் வெளிநாட்டுக்காரருக்கு விற்கலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று ஆயுத பூஜை. பழைய கத்தி பீரோவை விட்டு வெளியே வருகிற நாள் அது. சந்தனமும் குங்குமமும் வைக்கத்தான் வேண்டும். சந்தனம் ஈரம், அறுத்த எலுமிச்சையின் சாறு அமிலம். மறுநாள் எடுக்கும்போது பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகத் துரு ஏறியிருக்கும். பொட்டை அலகில் வைக்காமல் பித்தளைப் பக்கமாக வைத்து, பூஜை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தொட்டு வைத்தால் போதும். பூ சாத்துவதானாலும் அலகை மடக்கிவிட்டுச் சாத்துங்கள்.

அதன்பிறகு மடக்கிய கத்தியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வையுங்கள். தோல் உறையில் வைக்க வேண்டாம். தோல் ஈரம் இழுக்கும், பித்தளையில் களிம்பு ஏற்றும். உறையும் பழசு என்றால் பக்கத்தில் தனியாக இருக்கட்டும். கொம்புப் பிடியில் பொடிப்பொடியாகத் துளை தெரிந்தால் பூச்சி அரிக்கிறது. அந்தத் துணியை உடனே மாற்றிவிடுங்கள். மதுரையின் வெயில் காலம் எஃகுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, வேர்வைக் கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைப்பதுதான் கெடுதல். ஐப்பசி, கார்த்திகை மழைதான் பயம். மார்கழி பிறந்ததும் ஒரு தடவை எடுத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஆரஞ்சு ஒட்டினால் மேலே சொன்ன செம்புக் கம்பி வேலையை அந்த இடத்துக்கு மட்டும் செய்து, எண்ணெய் தொட்டு, புது சிலிக்கா ஜெல்லோடு மறுபடி உள்ளே வைத்துவிடலாம்.